சீல் உறைக்குள் இருக்கும் ஆர்கனைசர் குறித்து தனேஷ் கூறியது

பெயர்: தனேஷ் த/பெ வேலாயுதம். வயது: 26. தொழில்: மின்தூக்கி பழுதுபார்ப்பவர், பொலிடெக்னிக் மின்னியல் டிப்ளோமா. முகவரி: பிரிக்பீல்ட்ஸ், வாடகை அறை. 19.6.2002 பிற்பகல் 3.05 மணிக்குத் தமிழில் கூற, சார்ஜன் தம்புசாமி எழுதியது.

நான் கிள்ளான் வட்டாரத்தில் மின்தூக்கிகளைப் பராமரிக்கும் நிறுவனத்தில் மூன்று ஆண்டுகளாக வேலை செய்கிறேன். கடந்த ஜனவரியில் மேலாளர் ராதாகிருஷ்ணன் எங்கள் நால்வருக்கும் ஆளுக்கொரு ஆர்கனைசர் கொடுத்தார். அது உள்ளங்கை அளவுக் கருவி, திரையில் குச்சியால் எழுத வேண்டும். இனித் தாளில் எழுதக் கூடாது, சனிக்கிழமை அலுவலகக் கணினியில் இணைத்தால் வார வேலை முழுவதும் ஏறிவிடும் என்றார். பழைய வேலைப் புத்தகத்தை அவரே அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

3.6.2002 திங்கட்கிழமை காலை பண்டமாரான் பிளாட்டில் இரண்டாம் எண் மின்தூக்கியைச் சோதித்தபோது பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு தெரிந்தது. உடனே மேலே மோட்டார் அறையில் சுவிட்சை அணைத்து, ஓட்டக் கூடாது என்று அட்டை மாட்டினேன். அதன் பிறகு மேலாளருக்குப் போன் செய்தேன். பத்து மாடி ஏற முடியவில்லை என்று குடியிருப்பவர்கள் திட்டுவார்கள் என்று சொன்னார். "வெள்ளிக்கிழமை சாமான் வந்துரும். அது வரைக்கும் மெதுவா ஓடட்டும் லா" என்றார். மின்தூக்கியில் மெதுவாக ஓடுவது என்று ஒன்று கிடையாது என்றேன். போனை வைத்துவிட்டார். அதன் பிறகு 11.20க்கு இதையெல்லாம் ஆர்கனைசரில் எழுதினேன். ஃபியூஸைக் கழற்றி எடுத்துப் போயிருக்க வேண்டும். எடுக்காதது என் தவறு, அதையும் எழுதிக்கொள்ளவும்.

6.6.2002 வியாழக்கிழமை காலை 9.15க்கு விபத்து என்று சுங்கை பூலோவில் வேலையில் இருந்த எனக்குப் போன் வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பிளாட்டில் குடியிருக்கும் திருமதி மகதலேனாவை மருத்துவமனைக்குக் கொண்டு போயிருந்தார்கள். கீழ்த்தளத்தில் அவர் உள்ளே கால் வைத்தபோது கதவு திறந்தபடியே மின்தூக்கி மேலே நகர்ந்திருக்கிறது. கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. அவருடைய பாசார் பை வாசலிலேயே கிடந்தது, மீனில் ஐஸ் கூட முழுதாகக் கரையவில்லை. மேலே மோட்டார் அறையில் சுவிட்ச் போடப்பட்டிருந்தது. நான் மாட்டிய அட்டை கதவுக்குப் பின்னால் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அந்த அறைக்கு இரண்டே சாவி. ஒன்று என்னிடம், மற்றது அலுவலகத்தில்.

பழுது பற்றி நான் அவரிடம் சொல்லவே இல்லை, கணினியிலும் எதுவும் இல்லை என்று மேலாளர் போலீசாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை இணைக்க வேண்டியது வியாழக்கிழமையே கணினியில் எப்படி இருக்கும்? ஆர்கனைசரைத் திறந்து காட்டினேன். "இந்த விளையாட்டுச் சாமான்ல யாரும் எப்ப வேணும்னாலும் எழுதலாம் சார்" என்றார். அதை என் கையில் கொடுத்தவரே அவர்தான். எழுதிய நாளும் நேரமும் கருவிக்குள் தானாகப் பதிகின்றன. கணினியில் இணைத்தால் ஐந்து நிமிடத்தில் காட்டுவேன்.

அதன் பிறகு போலீசார் அன்றே கருவியை உறையிலிட்டு சீல் வைத்தார்கள். பேட்டரி கால் பங்குக்கும் குறைவு, அணைத்து வைத்தாலும் தீரும், தீர்ந்தால் உள்ளே உள்ள எழுத்தெல்லாம் அழிந்துவிடும் என்று அப்போதே சொன்னேன். 10ஆம் தேதியும் 14ஆம் தேதியும் இந்தக் காவல் நிலையத்துக்கு நேரில் வந்து சொன்னேன். இன்றும் சொன்னேன். "சீலை உடைக்க எனக்கு அதிகாரம் இல்ல தம்பி. கோர்ட்ல கேளு" என்று சார்ஜன் கூறினார். கோர்ட் தேதி ஆகஸ்டில். கவனக்குறைவு என்று வழக்கு என் மேல்தான் வருகிறது. என் பக்கம் பேசக்கூடியது அந்தக் கருவி ஒன்றுதான், அதை இந்நிலைய அலமாரியில் வைத்துச் சாகவிடுகிறார்கள்.

பேட்டரியை மாற்ற ஒரு நிமிடம் போதும். எத்தனை அதிகாரிகள் முன்னிலையிலும் மாற்றித் தருகிறேன். இரண்டு புதிய பேட்டரிகளை இந்த மேசை மேல் வைத்திருக்கிறேன். அவை ஏற்கப்படவில்லை என்பதையும் எழுதும்படி கேட்டுக்கொண்டேன், எழுதப்பட்டது.

இவை நான் சொன்னபடியே எழுதப்பட்டு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. எல்லாம் உண்மை. கருவி சீல் வைக்கப்பட்டு இன்றோடு பதின்மூன்று நாள் ஆகிறது. கையொப்பமிடும் நேரம் மாலை 4.10.

(ஒப்பம்) வே. தனேஷ்