மனேஜரைக் கலைக்கிற விதி

பேஸ்மென்ரோ? ஆர் உமக்குச் சொன்னது பேஸ்மென்ற் எண்டு? இன்ரநெற்றில கிடக்கோ. அப்ப சரி, அது பொய் சொல்லுமே. இரும் பிள்ளை ஷரோன், அந்தக் கதிரையில வேண்டாம், அது கால் ஆடும், இதில இரும். உங்கட கொம்பியூட்டர் கேம் கண்காட்சியில என்ன எழுதப் போறியளோ அதை இன்னொருக்கா வாசியும்.

ம். ஸ்ரீதரன் எண்ட இளைஞர், தன்ர வீட்டு பேஸ்மென்ற்றில தனியா இருந்து, ஃபுட்போல் மனேஜரா ரீம் நடத்துற கொம்பியூட்டர் கேம் ஒண்டைச் செய்தார். காணும், நிப்பாட்டும். அதில தனியா எண்டு கிடக்கெல்லே, அதை வெட்டச் சொல்லத்தான் உம்மை வரச் சொன்னனான். ஸ்ரீதரனும் அன்புராசாவும் எண்டு வரோணும். அவன்ர பேர் முன்னுக்கு, என்ர பேர் பின்னுக்கு இருக்கட்டும், நான் அதுக்குச் சண்டை பிடிக்கேல்லை.

அந்தக் கேம் பிறந்தது ஒஷாவாவில, நடுரோட்டில. கூரையே இல்லை, பிறகெங்க பேஸ்மென்ற்? எண்பத்தினாலு மாசி. காருக்கு சீற் செய்யிற ஃபக்ரரி. நானும் ஸ்ரீதரனும் பக்கத்துப் பக்கத்தில நிண்டு சீற்றுக்கு உறை தைக்கிறம். யூனியன் ஸ்ரைக் எண்டிட்டுது. வாசல்ல பீப்பாக்குள்ள விறகு எரிச்சுப்போட்டு நிக்கிறம். அவன் பேராதனையில எஞ்சினியரிங் பாதியில விட்டிட்டு வந்தவன். நான் ஒன்பதாம் வகுப்பு. மிச்சம் முழுக்கத் துண்டுப்பிரசுரம். சிரியாதையும், உண்மைதான். முதலாளி எப்பிடி எங்களைச் சுரண்டுறான் எண்டதை ஒரு நாலு பக்கப் பிரசுரத்தில படிச்சனான், அதில மூண்டாம் பக்கம் கிழிஞ்சு போய்க் கிடந்தது. இண்டைக்கும் அந்தப் பக்கத்தில என்ன இருந்ததெண்டு தெரியாது. அது தெரியாமலே நாப்பது வருசம் கூட்டத்தில பேசியிருக்கிறன், ஒருத்தனும் பிடிக்கேல்லை.

சும்மா குளிருக்க நிண்டா சனம் ஒவ்வொண்டாக் கழண்டிடும் பிள்ளை. எந்த ஸ்ரைக்கையும் சாக்கொல்லுறது அந்த அலுப்புத்தான். அதுக்குத்தான் நான் ஒரு வேலை செய்தனான். நனைஞ்சுபோன சுலோக மட்டையளை எடுத்து சின்னச் சின்னத் துண்டா வெட்டினன். ஒரு துண்டு ஒரு விளையாட்டுக்காரன். பேருக்கு எங்க போறது? வாசல்ல நிண்ட ஆக்களின்ர பேர்தான். ஒவ்வொருத்தனுக்கும் பத்துக்கு இத்தினை எண்டு புள்ளி. ஒருத்தன் மனேஜர், ரீம் பிரிச்சு, தாயக்கட்டையை உருட்டி மச் நடத்துறது.

புள்ளி எப்பிடிப் போட்டதோ? பாத்தீரே, இவ்வளவு காலத்துக்கு ஒருத்தனும் இதைக் கேக்கேல்லை. ஆர் ஒழுங்கா ஸ்ரைக்குக்கு வாறானோ அவனுக்குக் கூட. வராதவனுக்குக் குறைய. மரியோ எண்டொரு இத்தாலியக் கிழவன், முழங்கால் மடங்காது, பந்து வந்தா விலத்தி நிண்டு வழி விடுவான். அவன்தான் கோல் கீப்பர், அவனுக்கு ஒன்பதரை. ஏன்? பனி கொட்டின ஒரு நாளும் அந்த மனுசன் வராமல் விடேல்லை. எங்கட மன்னார்ப் பொடியன் கிளிபோட், ஊரில லீக் விளையாடினவன், உண்மையான ஃபோர்வேட். அவனுக்கு ரெண்டு. வீட்டில போர்த்துக்கொண்டு கிடந்தவனுக்கு வேறென்ன போடுறது? கேள்விப்பட்டு என்னை அடிக்கவெண்டு வந்தான். வந்தவனைப் பீப்பாவுக்குக் கிட்ட நிப்பாட்டி, பின்னேரம் வரைக்கும் நிண்டா நாலாக்கிறன் எண்டனான். நிண்டான் பிள்ளை!

விதியை எழுதி ரோணியோ மெசினில பிரதி அடிச்சு எல்லாருக்கும் குடுத்தனான். முதலாவது விதி, மனேஜர் பிழை விட்டா விளையாட்டுக்காரர் கை தூக்கி வோட்டுப் போட்டு அவனைக் கலைக்கலாம், பதவியால துரத்தலாம். தோத்தா உடன கூட்டம். மனேஜர் எழும்பி நிண்டு சுயவிமர்சனம் செய்யோணும். ஓமோம், நீர் சிரியும். அண்டைக்கு அவையும்தான் விழுந்து விழுந்து சிரிச்சவை. ஆனா வீட்ட போகேல்லை.

ஸ்ரைக்கோ? வெண்டம். வெண்டு கொஞ்சக் காலத்தில ஃபக்ரரியை மெக்சிக்கோவுக்குக் கொண்டு போட்டாங்கள். அதை விடும்.

ஸ்ரீதரனிட்ட ரிவியில கொழுவுற கொம்பியூட்டர் ஒண்டிருந்தது. அண்ணை, உங்கட மட்டையளை இதுக்க ஏத்துவம் எண்டான். இந்த டோர்செட் பார்க்கில அவன்ர அப்பாட்மென்றிலதான், பதினோராம் மாடி. நான் சொல்லச் சொல்ல அவன் அடிச்சான். கொம்பியூட்டர் வேலை முழுக்க அவன்ர, அதை நான் எங்கயும் சொல்லுவன். ஆனா கசெற்றில போட்டு விக்க ஒரு கொம்பனி வந்த உடன என்ன செய்தான்? கலைக்கிற விதியைத் தூக்கிப்போட்டு, அந்த இடத்தில ஆக்களை விக்கிற வாங்கிற விதியைப் போட்டான். மரியோவை விக்கலாமாம்! பனிக்க நிண்ட மனுசனை! என்னடா இது எண்டு கேட்டன். சொல்லுறான், அண்ணை, காசு குடுத்து வாங்கிறவன் மனேஜராகத்தான் வாங்குவான், கலைபடவோ வாங்குவான் எண்டு.

பிறகு இங்கிலாந்தில ஒரு சஞ்சிகையில எழுதினவங்களாம், இந்தக் கேமில ஆக்கள் உண்மையான ஆக்கள் மாதிரியே இருக்கினம், என்ன ரகசியம் எண்டு. இவர் சொன்ன மறுமொழி, கணிதம். மரியோவின்ர முழங்கால் கணிதமோ?

நான் என்ன செய்தனானோ? பிரசுரம் அடிச்சனான். வேறென்ன செய்வன்? உதைபந்தாட்டத்தில் ஒரு முதலாளித்துவத் துரோகம் எண்டு தலைப்பு. கோயில் வாசல், சேர்ச் வாசல் எல்லாம் நிண்டு குடுத்தனான். அப்ப இஞ்ச தமிழ்ச் சனம் கொஞ்சந்தானே, ஒரு கட்டுக் காணும்.

இல்லை, அவன் கேட்டவன். கசெற் பெட்டியில உங்கட பேரையும் போடட்டோ அண்ணை எண்டு கேட்டவன். ஆக்களை விக்கிற சாமானில என்ர பேர் வரப்படாது எண்டனான். இண்டைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவன்.

உதென்ன, லோயர் மாதிரிக் கேக்கிறீர். அப்ப வேண்டாமெண்டவன் இப்ப ஏன் கேக்கிறானோ? நான் மறுத்தவன். மறுத்தவன் எண்டு எழுதுங்கோவன், பெரிய எழுத்தில எழுதுங்கோ. தனியா எண்டு எழுதினா, மறுக்கிறதுக்கும் அங்க ஒருத்தன் இருக்கேல்லை எண்டெல்லோ ஆகுது?

ஸ்ரீதரனிட்டக் கேட்டு உறுதிப்படுத்தப் போறீரோ. கேக்கேலாது பிள்ளை. அவன் பிக்கரிங்கில நேர்சிங் ஹோமில கிடக்கிறான். மறதி வருத்தம். மகளையே நீர் ஆர் எண்டு கேக்கிறான்.

எனக்கெப்பிடித் தெரியுமோ? நான் ஞாயிறு ஞாயிறாப் போறனான். கோவம் இருக்குத்தான், அதையும் கொண்டுதான் போறனான். முதல் போனது நாலு கேள்வி நாக்கைப் பிடுங்கிற மாதிரிக் கேக்கத்தான். போய் நிண்டா, என்னை டொக்ரரெண்டு நினைச்சு எழும்பி வணக்கம் சொல்லுறான். இருத்திவைச்சுத் தானாவே கேமின்ர கதையைத் தொடங்கினான். பேஸ்மென்ற் இல்லைப் பிள்ளை. ரோடு, பனி, பீப்பா, எல்லாம் சரியாச் சொல்லுறான். என்னோட ஒரு அண்ணை இருந்தவர் டொக்ரர், எல்லாம் அவர் செய்தது, நான் இருந்து ரைப் அடிச்சனான் எண்டுறான். பேர் கேட்டா வராது, நெத்தியைத் தேய்ச்சுக்கொண்டே இருப்பான். பிறகு, அவர் செத்துப்போனார், செத்தவீட்டுக்கு நான் போகாமல் விட்டிட்டன் எண்டு அழுவான். ஒவ்வொரு கிழமையும் இதுதான்.

அந்த அண்ணை நான்தான் எண்டு நான் சொல்லேல்லை. சொன்னா நிப்பாட்டிப் போடுவான். என்னைப் பற்றி இப்பிடி வேற ஆர் பிள்ளை கதைச்சது?

காலமை ரெயினிலதான் போறனான், உமக்குக் கேக்கோணுமெண்டா இந்த ஞாயிறு வாரும். மைக்கையும் கொண்டு வாரும். ஆனா அங்க வைச்சு என்னை அன்புராசா அங்கிள் எண்டு கூப்பிட்டுப் போடாதையும்.