நங்கூரத்துக்குக் கிடைத்த முப்பத்தைந்து பாராட்டுகள்

இன்று மாலை நான்கு மணி இருபது நிமிடத்துக்கு, ஆறு பேர் கொண்ட ஒரு மேடை இசைக்குழுவின் தலைவர் என்னிடம் தொலைபேசியில் பேசினார். தம் குழுவின் பேஸ் கிட்டார்காரரை நீக்கும் முடிவை நிறுத்தி வைத்திருப்பதாகச் சொன்னார். நிறுத்தித்தான் வைத்திருக்கிறார், கைவிடவில்லை. "ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு, அதையும் சேத்தே எழுதிக்குங்க சார்" என்றார். எழுதிக்கொண்டேன். இன்னொரு முறை சொல்லச் சொல்லி, எழுதியதைச் சரிபார்த்தும் கொண்டேன்.

வணக்கத்துக்கு முன்னால் செய்தியைச் சொல்லிவிட்டேன். முப்பத்தோரு ஆண்டு நிருபர் வேலை. நாக்கு அப்படிப் பழகிவிட்டது. இப்போது வணக்கம்.

நான்கு கம்பிகளிலேயே நாற்பது ஆண்டுகள் நடைபயின்று, ஐந்தாவது கம்பி என்பது ஆணவம் என்று அறிக்கை விட்ட பேஸ் கிட்டார்க் கலைஞர் சங்கத் தலைவர் அவர்களே! ஐந்தாவது கம்பி இல்லாதவன் அரைக் கலைஞன் என்று மறுநாளே மறுப்பறிக்கை விட்ட செயலாளர் அவர்களே! இவ்விருவரையும் ஒரே மேடையில் உட்காரவைத்து, பாதுகாப்புக்காக நடுவில் ஒரு பெரிய பூச்சாடியையும் வைத்திருக்கும் விழாக் குழுவினரே! பிள்ளை பாடகனாவான் என்று நம்பிப் பாட்டு வகுப்புக்கு அனுப்பி, அவன் மேடையின் மூலையில் நின்று மெல்லத் தலையாட்டுவதைக் கண்டு, "எங்க பையனும் அங்கதான் எங்கேயோ நிக்கறான்" என்று உறவினரிடம் சமாளித்துவரும் தாய்மார்களே! கிட்டாரைத் தோளில் மாட்டி மேடையேறிய பிறகும், "நீங்க பாடறவங்களாம்மா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே சலித்துப்போன சகோதரிகளே! படுக்கையறையில் பாதியை ஒலிப்பெட்டிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு ஓரமாகப் படுத்துறங்கும் இல்லத்தரசிகளே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

பகல் ஒரு மணிக்கே வந்துவிட்டேன். தாழ்வாரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, மூன்று மணி நேரம் உங்கள் உரையாடலைக் கேட்டேன். அடடா, என்ன ஞானம்! என்ன நுட்பம்! கம்பியைப் பற்றி ஒரு மணி பத்து நிமிடம். பதினோரு ஆண்டுகளாகக் கம்பியையே மாற்றாத ஒரு பெரியவர், அதில் படிந்த அழுக்குதான் தம் கலையின் ஆதாரம் என்று விளக்கினார். இன்னொருவர் மாதமொரு முறை கம்பிகளைக் கழற்றி, அழுக்குப் போகச் சமையல் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைக்கிறாராம். "எத்தனை நிமிஷம்?" என்று நாலு பேர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்கள். "எந்தப் பாத்திரத்துல?" என்று கேட்டவர் அவருடைய மனைவி ஒருவர்தான்.

கம்பி முடிந்தது, கிட்டாரின் மரக்கட்டை தொடங்கியது. கட்டை முடிந்தது, ஒலிப்பெட்டி தொடங்கியது. பாட்டு? பாட்டைப் பற்றி நான்தான் கேட்டேன். எனக்குப் பக்கத்தில் இருந்தவரிடம், "உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டு எது?" என்றேன்.

"ஒண்ணு இருக்கு சார். ரெண்டாவது சரணம் முடிஞ்சதும் பாடறவரு மூச்சு வாங்குவாரு. அந்தக் கேப்புல பேஸ்ல மூணு நோட்டு வரும் பாருங்க… செத்துடலாம் சார்!"

"பாட்டு எப்படி ஆரம்பிக்கும்?"

"ஆரம்பமா?" என்று யோசித்தார். "ஆரம்பத்தை நான் கேட்டதில்ல. நேரா அங்க ஓட்டிக்குவேன்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரிப்பு இன்னும் ஐந்து நிமிடம் தாங்கும்.

இனி, முதலில் சொன்ன செய்திக்குப் போவோம். நீக்கப்படவிருப்பவரை உங்கள் எல்லோருக்கும் தெரியும். 'நங்கூரம்' என்று பட்டம் கொடுத்ததே நீங்கள்தான். ஒரே குழுவில் பத்தொன்பது ஆண்டுகள். குழுத்தலைவர் வேறு யாருமில்லை. நங்கூரத்தின் தங்கை கணவர். இருவருக்கும் சண்டை எதனால்? இசையாலா? கொள்கையாலா? இல்லை, ஐயா! ஒலிப்பெட்டியால்! நங்கூரத்தின் ஒலிப்பெட்டி, ஓர் ஆள் உயரத்தில் முக்கால் பங்கு. அதை வேனில் ஏற்றுவதற்காக நடு இருக்கையைக் கழற்றி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. குழுத்தலைவர் என்னிடம் சொன்னார்: "அவரு பெட்டி ஏறுனா, டிரம்ஸ்காரரை மடியில வெச்சுக்கிட்டுதான் வரணும் சார். சரி, பெட்டி வேணாம்னா ஆளும் வேணாம்னு மச்சான் எழுந்து போயிடறாரு. அப்புறம் யோசிச்சேன். ஆளு இல்லாட்டிதான் யாருக்குத் தெரியப் போவுது?"

யாருக்குத் தெரியப் போகிறது! இந்தக் கேள்விக்கு விடை காணத்தான் அவர் ஒரு சோதனை வைத்தார்.

போன மாதம், ஒரு ஞாயிறு பிற்பகல். ஒரு தொழிற்சாலையின் ஆண்டு விழா. பதினான்கு பாட்டு. பெட்டி வீட்டிலேயே இருக்கும். கிட்டார் நேராக, எல்லா ஒலியையும் கலந்து அரங்கத்துக்கு அனுப்பும் மிக்ஸரில் சேரும். நங்கூரம் தம் வாசிப்பைக் காதுக்கருவியில் கேட்டுக்கொள்வார். சங்கத்திலிருந்து பன்னிரண்டு நிபுணர்கள் முன்வரிசையில் அமர்ந்து, ஒவ்வொரு பாட்டுக்கும் பேஸ் எப்படி இருந்தது என்று ஒரு வரி எழுதித் தர வேண்டும். நீங்கள் போனீர்கள். "நம்ம ஆளைக் காப்பாத்திட்டோம்" என்று சொல்லிக்கொண்டே திரும்பி வந்தீர்கள். அந்தச் சாதனைக்காகவே இன்றைய விழாவில் பன்னிருவருக்கும் பொன்னாடை. அழைப்பிதழில் அச்சாகியிருக்கிறது, நானும் படித்தேன்.

உங்களுக்குச் சொல்லப்படாத ஒன்றை இப்போது சொல்கிறேன். மூன்றாவது பாட்டு, ஏழாவது பாட்டு, பதினொன்றாவது பாட்டு, இந்த மூன்றிலும் பேஸ் கிட்டாரின் ஒலி அரங்கத்துக்கு அனுப்பப்படவே இல்லை. மிக்ஸரில் அடைத்துவிட்டார்கள். நங்கூரத்தின் காதில் மட்டும் கேட்டது. அவருக்கும் இது தெரியாது. தெரிந்தவர்கள் இருவர்: குழுத்தலைவர், சவுண்ட் இன்ஜினியர். இருவரும் தனித்தனியே என்னிடம் உறுதி செய்தார்கள். "இது முறையா?" என்று குழுத்தலைவரைக் கேட்டேன். "முறையில்ல சார். ஆனா தெரிஞ்சுக்கணும்ல?" என்றார்.

ஏன் அரங்கம் இவ்வளவு அமைதியாகிவிட்டது? இப்போதுதானே சிரித்தீர்கள்?

பன்னிரண்டு பேர், மூன்று பாட்டு. முப்பத்தாறு வரி வர வேண்டும். வந்தவை முப்பத்தைந்து. எழுதியவர் யார் என்று சொல்லக் கூடாது என்பது நங்கூரம் எனக்கு விதித்த நிபந்தனை. ஆகவே வரிகளை மட்டும் வாசிக்கிறேன். மூன்றாவது பாட்டுக்கு: 'பழைய கம்பிக்கே உரிய வெதுவெதுப்பு.' ஏழாவது பாட்டுக்கு: 'மரத்தின் குரல் தனியே கேட்கிறது, இது ரோஸ்வுட்தான், மேப்பிளாக இருக்க வாய்ப்பே இல்லை.' பதினொன்றாவது பாட்டுக்கு: 'அற்புதம். ஆனால் நடுவிரல் சற்று முந்துகிறது.' கேட்காத ஒலியில், ஐயா, விரல் முந்துகிறதாம்!

சங்கத் தலைவர் அவர்கள் ஏன் இரண்டாவது முறையாகத் தண்ணீர் குடிக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

என்ன அங்கே? நான்காவது வரிசையில் ஐயா ஏதோ கேட்கிறார். "முப்பத்தாறாவது யாரு?" அவர் ஏழாவது பாட்டின்போது கழிப்பறைக்குப் போயிருந்தார், கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டார். முப்பத்தாறில் ஒரே சரியான விடை அதுதான்.

நான் ஒன்பதாவது வரிசையில் இருந்தேன். நானும் கவனிக்கவில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் எனக்கு யாரும் பொன்னாடை போர்த்தவில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் தாள்களை நங்கூரத்தின் கையில் கொடுத்து, நடந்ததைச் சொல்லியிருக்கிறார் குழுத்தலைவர். "ஒருத்தராவது, 'இந்தப் பாட்டுல பேஸ் கேக்கலையே'ன்னு எழுதியிருந்தா, உங்க பெட்டியை நானே முதுகுல சுமந்து ஏத்தியிருப்பேன் மச்சான்."

நங்கூரம் பன்னிரண்டையும் படித்தார். மடித்தார். "நல்லாதான் எழுதியிருக்காங்க, மாப்ள" என்றார். அவ்வளவுதான். மறுநாள் முதல் ஒத்திகைக்குப் போகவில்லை. அவருடைய தங்கையைச் சந்தித்தேன். "ரெண்டு பேரும் ஒரே மேசையில உக்காந்து சாப்பிடறாங்க. அண்ணன் பேசறதில்ல, இவரும் பேசறதில்ல. நான் தண்ணி ஊத்தற சத்தம் மட்டுந்தான் வீட்டுல கேக்குது" என்றார்.

நண்பர்களே! எதிரிகள் அவரை வீழ்த்தவில்லை. பொறாமைக்காரர்கள் புறம்பேசவில்லை. நீங்கள் பாராட்டினீர்கள், பாராட்டிப் பாராட்டியே அவரை வேனிலிருந்து இறக்கிவிட்டீர்கள்!

பொறுங்கள், செயலாளர் அவர்களே, உட்காருங்கள். செய்தி முடியவில்லை. அன்று அந்தக் கட்டடத்தில் ஒருவர் கவனித்தார். மூன்று பாட்டையும் கவனித்தார்.

மேடைக்கு நேர்கீழே சமையற்கூடம். அங்கே பாத்திரம் கழுவும் பிரிவுக்குப் பொறுப்பான அம்மா ஒருவர். அவர் மேடையைப் பார்க்கவில்லை; பேஸ் கிட்டார் என்ற பொருளை வாழ்நாளில் கண்டதில்லை. மூன்றாவது பாட்டின் நடுவில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே படியேறி வந்து, சவுண்ட் இன்ஜினியரிடம், "மேல யாராச்சும் விழுந்துட்டாங்களாப்பா?" என்று கேட்டிருக்கிறார்.

"ஒண்ணுமில்லக்கா, நீங்க போங்க."

ஏழாவது பாட்டில் மறுபடி வந்தார். பதினொன்றாவதில் பாதிப் படியில் நின்றே குரல் கொடுத்தார்: "திரும்பவும் நின்னு போச்சுப்பா!"

போன வெள்ளிக்கிழமை அவரைத் தேடிப்போய்க் கேட்டேன். சொன்னார்: "கழுவின டம்ளரை எல்லாம் அடுக்கி வெச்சிருந்தேன் சார். மேல பாட்டு நடக்கறப்போ எல்லாம் அடுக்கு மெல்ல நடுங்கிட்டே இருக்கும். டிரம்ஸு அடிச்சா குதிக்கும், அது வேற. இது குதிக்காது, ர்ர்ர்னு ஓடிட்டே இருக்கும். திடீர்னு அது மட்டும் நின்னுச்சு. பாட்டு போவுது, கைதட்டறாங்க, ஆனா யாரோ ஒருத்தர் இல்ல. அதான் கையைத் தொடச்சுக்கிட்டு மேல ஓடியாந்தேன்."

'யாரோ ஒருத்தர் இல்ல!' முப்பத்தைந்து வரிகளில் நீங்கள் எழுதத் தவறிய வாக்கியம் இது.

இதை ஏன் குழுத்தலைவரிடம் சொல்லவில்லை என்று சவுண்ட் இன்ஜினியரைக் கேட்டேன். "முன்வரிசையில பன்னெண்டு நிபுணருங்க பேனாவோட உக்காந்திருக்காங்க. டம்ளர் கழுவற அக்கா சொன்னதை நான் போய் எப்படி சார் சொல்றது?" என்றார். நியாயம்தானே? உங்கள் புகழ் அப்படிப்பட்டது!

கையைப் பார்த்தீர்கள், கம்பியைப் பார்த்தீர்கள், கட்டையைப் பார்த்தீர்கள், கேட்டீர்களா? வாழ்நாள் முழுதும் உங்கள் புலம்பல் என்ன? "எங்களை யாரும் கேக்கறதில்ல சார்." பாடகருக்குக் கைதட்டல், கீபோர்டுக்காரருக்கு விசில், உங்களுக்கு ஒன்றுமில்லை. உண்மை. கேட்பதற்கென்றே பன்னிரண்டு பேர் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தீர்களே, அன்று நீங்களாவது அவரைக் கேட்டிருக்க வேண்டாமா? உலகம் உங்களுக்குச் செய்ததை நீங்களே உங்களில் ஒருவருக்குச் செய்ய வேண்டுமா?

இன்று மாலை குழுத்தலைவரிடம் அந்த அம்மா சொன்னதைச் சொன்னேன். அவர் சொன்னார்: "அந்தக்கா நேர்ல வந்து சொல்லட்டும், கேக்கறேன். ஆனா இந்தப் பன்னெண்டு பேப்பரை என்ன பண்றது? வாசிக்கறவங்களுக்கே தெரியலன்னா நான் எதை நம்பறது? நாங்க கேக்கல, கையைப் பாத்துதான் எழுதினோம்னு ஆளுக்கொரு கையெழுத்து போட்டுக் கொடுக்கட்டும். பன்னெண்டும் வேணும், ஒண்ணு குறைஞ்சாலும் ஒத்துக்க மாட்டேன். வந்துட்டா, மச்சானும் வரட்டும், பெட்டியும் வரட்டும். நான் பஸ்ல வந்துக்கறேன்."

அந்தத் தாளை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். இதோ, பூச்சாடிக்குப் பக்கத்தில். ஒரே வாக்கியம்: 'மூன்று பாட்டுகளில் பேஸ் ஒலிக்கவில்லை, நாங்கள் கேட்காமலே எழுதினோம்.' ரோஸ்வுட் பற்றி இதில் எதுவும் இல்லை.

கையெழுத்திட்டால் பெயர் போகும் என்று நினைக்கிறவர் இருக்கலாம். போகும். நான் இதை எழுதத்தான் போகிறேன். நாளை மறுநாள் அச்சிலும் வரும். ஆனால் கடைசி வரிசையில், கதவோரமாக, பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாரே ஒருவர், நீங்கள் எழுதிய பாராட்டையெல்லாம் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருப்பவர், அவர் நீங்கள் ஒவ்வொருவரும் எழுதியதை அறிவார். அறிந்தும், "அவங்க பேரை மட்டும் சொல்லிடாதீங்க சார், நல்ல எண்ணத்துலதான் எழுதியிருப்பாங்க" என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். பெயரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமா, அந்தப் பெயரைக் காட்டிக்கொடுக்காத மனிதரைக் காப்பாற்ற வேண்டுமா? நான் நிருபர். அறிவுரை சொல்வது என் வேலையல்ல. எண்ணுவது என் வேலை.

செயலாளர் அவர்கள் எழுந்துவிட்டார். ஒன்று. பதினோரு ஆண்டு கம்பிக்காரப் பெரியவர் வருகிறார், வழிவிடுங்கள். இரண்டு. கழிப்பறைக்குப் போனவரும் வருகிறார்; மற்ற இரண்டு பாட்டுக்கு அவரும் எழுதியவர்தான். மூன்று. சங்கத் தலைவர் அவர்கள் பேனா கேட்கிறார்… நன்றி, ஐயா. நான்கு.

இவ்வளவு நேரம் திட்டியதைத் திட்டு என்று எண்ணாமல் பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், எனக்கு ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்டு இப்போது வருந்திக்கொண்டிருக்கும் விழாக் குழுவினருக்கும் நன்றி கூறி, வணங்கி விடைபெறுகிறேன். மணி இப்போது ஏழு நாற்பது. சமையற்கூடத்து அம்மா வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். குழுத்தலைவர் நான்கு மணிக்கு முடிவை அறிவிக்கிறார். கையெழுத்து இன்னும் எட்டு வர வேண்டும்.