கீழே ஒரு கைப்பிடி

முந்நூத்தி ஐம்பது ரூபாய். இராஜமாணிக்கத்துக்கு வரவேண்டிய பாக்கி அவ்வளவுதான்.

அந்த செல்போன் லைட்டை அணைக்காதீங்க. எரியட்டும். மழை தெறிக்குது, இன்னும் கொஞ்சம் நெருங்கி உக்காருங்க. இராஜமாணிக்கம் என் சகலை. தொம்மலூர்ல இருக்கான், டைல்ஸ் போடுற வேலை. குடிக்க மாட்டான். கதை கட்டவும் தெரியாது, அதுக்கெல்லாம் வீட்டுல நான் ஒருத்தன் இருக்கேனே. அதனாலதான் அவன் சொன்னதை நம்பினேன்.

ஏர்போர்ட்டுக்கு அந்தப் பக்கம், மெயின் ரோட்டை விட்டு உள்ளே திரும்பினா ரெண்டு பக்கமும் தைலமரம். பஸ் கிடையாது. விளக்கு கிடையாது. ரோடு முடியுற இடத்துல, வயசானவங்களுக்குன்னே வரிசையா வீடு கட்டுறாங்க. வாசப்படி இருக்காது, சரிவுதான். பாத்ரூம்ல பிடிச்சுக்க ஸ்டீல் கைப்பிடி. விழுந்துட்டா இழுக்க ஒரு சிவப்புக் கயிறு. இழுத்தா கேட்டுல மணி அடிக்கும். பிள்ளைங்க வெளிநாட்டுல இருக்கிறவங்க வந்து பாத்து, பிடிச்ச வீட்டை எடுத்துக்குவாங்க.

போன கார்த்திகை. சாயந்திரம் ஆறரைக்கே இருட்டிப்போச்சு. வரிசையில கடைசி வீடு. மத்த ஆளுங்க எல்லாம் கிளம்பிட்டாங்க. இவன் பாத்ரூம் தரையைப் போட்டு முடிச்சுட்டு, வாசல்ல கை கழுவிக்கிட்டு இருக்கான். தலைக்கு மேல ஒரு விமானம் இறங்குது. அந்தச் சத்தம் அடங்கினதும்... பின்னால சந்தன சோப்பு வாசனை.

திரும்பினான். வீட்டுக்குள்ளே ஒரு வயசான அம்மா. நூல் புடவை. தலை ஈரம்.

"மேஸ்திரி, இந்த வீடு யாருக்காவது ஆயிடுச்சா?"

"தெரியலையேம்மா, ஆபீஸ்ல கேளுங்க. சார் வரலையா?"

"ஞாயித்துக்கிழமை ஆனா வரார். எல்லா வீட்டையும் பாக்கறார், ஒண்ணும் முடிவு பண்ணாமப் போறார். என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ ஒரு தட்டு பஜ்ஜியிலேயே சரின்னுட்டார். வீட்டுக்குத்தான் இத்தனை யோசனை."

இராஜமாணிக்கம் சிரிச்சான். அந்தம்மா சிரிக்கலை. பாத்ரூமைக் காட்டினாங்க.

"கைப்பிடி மேலே இருக்கு. கீழே ஒண்ணு வேணும்."

"மிச்சம் ஒண்ணு கிடக்குதும்மா. மாட்டுற கூலி முந்நூத்தி ஐம்பது ஆகும். அளவு காட்டுங்க."

இவங்க வேலையில ஒரு வழக்கம் உண்டு. கைப்பிடிக்கு டேப் பிடிக்கிறதில்லை. யாரு பிடிக்கணுமோ அவங்களையே உக்கார வச்சு, கையை நீட்டச் சொல்லி, எட்டுற இடத்துல பென்சில் கோடு. அதுதான் அளவு.

அந்தம்மா உக்காரலை. உள்ளே போய்... தரையில படுத்தாங்க.

"அம்மா! இப்பத்தான் போட்டது, இறங்கிடும்!"

ஒருக்களிச்சு, கன்னத்தைத் தரையில வச்சு, கையை நீட்டுறாங்க. எட்டலை. இன்னும் நீட்டுறாங்க. நகம் செவுத்தைப் பிராண்டுது. கிர்ர்... கிர்ர்...

"இங்க. விழுந்து கிடந்தா எட்டணும். அவர் கை என்னுதைவிட நீளம், ஒரு விரக்கடை தள்ளியே போடு."

"கயிறு இருக்கேம்மா. இழுத்தா ஆளு வரும்..."

"ஈரமாகுதுன்னு அதைச் சுருட்டி மேலே கட்டிடுவாங்க. நீ மாட்டு. காசு அவர் தருவார். தரலைன்னா நான் தரேன்."

குனிஞ்சு கோடு போட்டான். இன்னொரு விமானம் வந்தது... போனது. நிமிர்ந்து பாத்தா ஆளைக் காணோம்.

கேட்டுல வாட்ச்மேன் கிருஷ்ணப்பாவைக் கேட்டான், அந்தப் பாட்டி எப்படிப் போனாங்கன்னு.

"யாவ அஜ்ஜி? மத்தியானத்துலேருந்து ஒரு நாய்கூட உள்ளே வரலை மாராயா. போய்ச் சாப்டு."

மறுநாள் காலையில பாத்தான். ஒரு டைல்ஸும் இறங்கலை. இடுக்குல பூசின சிமெண்ட்டுல ஒரு தடம் இல்லை. செவுத்துல பென்சில் கோடு மட்டும் இருந்தது. ஒத்துக்கிட்ட வேலையாச்சே... மாட்டிட்டான்.

ஞாயித்துக்கிழமை சார் வந்தார். கணேசமூர்த்தின்னு பேரு, மல்லேஸ்வரம். கூடவே ஆபீஸ் பொண்ணு ஸ்னேஹா. "சார், இது ரெண்டு பேருக்கான வீடு. உங்களுக்கு சின்னதே போதுமே"ன்னு சொல்லிக்கிட்டே வருது. இவன் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு முன்னால போனான்.

"சார், வீட்டம்மா கீழே ஒரு கைப்பிடி போடச் சொன்னாங்க. முந்நூத்தி ஐம்பது..."

ஸ்னேஹா முகம் செத்துப்போச்சு. "அண்ணா, என்ன பேசறீங்க? அவங்க தவறிப்போய் ஒரு வருஷம் ஆச்சு."

சார் பாத்ரூமுக்குள்ளே போனார். கைப்பிடியைப் பாத்தார். இஸ்திரி போட்ட சட்டையோட அப்படியே தரையில படுத்தார். ஒருக்களிச்சு, கையை நீட்டினார். சரியா எட்டுச்சு.

ரொம்ப நேரம் எந்திரிக்கலை.

"அவ விழுந்து கிடந்தப்போ நான் பக்கத்து ரூம்ல டிவி பாத்துண்டிருந்தேன்"னார். "குழாய்ல தண்ணி விழற சத்தம்னு நெனச்சேன்."

அந்த வீட்டையே எடுத்துக்கிட்டார். ரெண்டு பேர் வீடு, ஒத்தை ஆளு. அதுக்கப்புறம் காசு கேக்க இவனுக்கு வாய் வரலை.

குடிவந்து ஒரு மாசம் ஆகியிருக்காது. ஒரு ராத்திரி சார் பாத்ரூம்ல விழுந்தார். இடுப்பு போச்சு. கயிறு... சுருட்டி மேலே கட்டியிருந்தது. தரை கழுவ வர்றவங்க கட்டினது, ஈரமாகுதுன்னு. கத்தினா கேக்க ஆள் இல்லை, கடைசி வீடு. காலையில காப்பி கொண்டுபோனவங்க பாத்தப்போ, கீழ்க் கைப்பிடியைப் பிடிச்சு எழும்பி, செவுத்துல சாஞ்சு உக்காந்திருந்தார். உசுரோட. ஆனா பிடியை விடலை. விரலைப் பிரிக்கப் போனவங்ககிட்ட,

"மெதுவா... அடியில அவ விரல் இருக்கு"ன்னாராம்.

மகன் அச்யுத் அமெரிக்காவுலேருந்து வந்து கூட்டிட்டுப் போயிட்டான். அந்த விமானமும் அந்த வீட்டு மேலதான் போயிருக்கும்.

வீட்டைப் பூட்டினாங்க. தண்ணியையும் அடைச்சாங்க. பங்குனியில ஒரு ஜோடி வீடு பாக்க வந்தாங்க. அந்த ஜோடியில பாத்ரூம் பக்கம் போனவங்க திரும்பி வந்து கேட்டாங்களாம்... "இப்போ யாரு குளிச்சா?" தரை ஈரம். கீழ்க் கைப்பிடி ஆடுது, யாரோ தினம் பிடிச்சுத் தொங்கின மாதிரி.

அதைக் கழட்டிடச் சொல்லி ஸ்னேஹா இவனுக்குப் போன் பண்ணுச்சு.

போனான். அதே சாயந்திர நேரம். திருகாணி ஒவ்வொண்ணாக் கழட்டுறான். தகடு கையோட வந்துச்சு. தகட்டுக்கும் செவுத்துக்கும் நடுவுல... மடிச்சு வச்ச நோட்டு. மூணு நூறு, ஒரு ஐம்பது. சொட்டச் சொட்ட ஈரம். சந்தன சோப்பு வாசனை.

அவன் கையால முறுக்கின திருகாணி. இடையில யாரும் தொடலை.

முழங்காலுக்குப் பக்கத்துல, தரையோட தரையா... கிர்ர்... கிர்ர்... செவுத்துல எதையோ தேடுற சத்தம்.

சார் போயிட்டாரே. அதை அந்தம்மாவுக்கு யாரும் சொல்லலை போல.

நீங்களே சொல்லுங்க, கூலி வாங்கின வேலையை எப்படிக் கழட்டுறது? அதே ஓட்டையில, அதே கோட்டுல, கைப்பிடியை வச்சு இறுக்கினான். சத்தம் நின்னுபோச்சு. ஸ்னேஹாகிட்ட, "அது கழண்டு வரமாட்டேங்குதும்மா, விட்டுடுங்க"ன்னுட்டான். அந்த வீட்டை இன்னும் யாரும் எடுக்கலை.

முந்நூத்தி ஐம்பது. பாக்கி தீந்துபோச்சு. நோட்டைக் கொண்டுவந்து மொட்டைமாடிக் கொடியில கிளிப் மாட்டிப் போட்டான். சித்திரை வெயில் முழுக்க அங்கேதான் கிடந்தது.

போன வாரம் நான் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். தொட்டுப் பாத்தேன்.

இன்னும் காயலை.