ஒரு விநாடி அசையாமல்

பூனையைப் படம் எடுப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டம், ஐயா. நாய் என்றால் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் திரும்பிப் பார்க்கும். ஆட்டுக்கு ஒரு கொத்து அகத்திக்கீரை போதும். பூனைக்கு நம்மிடமிருந்து எதுவும் தேவையில்லை. அதனால் அது நம் பக்கம் திரும்புவதில்லை.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஆனால் என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் மற்றது உங்களுக்கு விளங்கும்.

நான் சகாதேவன். 1970-இல் திருமஞ்சன கோபுரத் தெருவில் ஸ்டுடியோ வைத்தேன். கல்யாணம், பள்ளிக்கூடக் குரூப் போட்டோ, அப்புறம் பிணங்கள். எங்கள் பக்கத்தில் செத்தவரை நாற்காலியில் உட்கார வைத்து மாலை போட்டு ஒரு படம் எடுப்பது வழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். பத்து நாள் கழித்து வீட்டார் வந்து, "கண்ணைத் தொறந்தாப்ல போட்டுக் குடுங்க" என்பார்கள். மெல்லிய பிரஷ்ஷால் மூடிய இமைமேல் கண்ணை எழுதுவேன். யாருக்கு எழுதினாலும் ஒரே கண்ணாகத்தான் வரும். அதைப் பார்த்து அவர்கள் அழுவார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும்.

பிராணிகளிடம் அந்தப் பொய் கிடையாது. எனக்குப் பிராணிகள் என்றால் உயிர். தீபத்தின்போது மாட்டுச் சந்தைக்குப் போனால் நாள் முழுக்க மாடுகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். சொந்தக்காரர் பெயர் மறந்துபோகும், மாட்டின் பெயர் மறக்காது. 1973-இல் 'இங்கு வளர்ப்புப் பிராணிகளும் படம் எடுக்கப்படும்' என்று போர்டு எழுதி மாட்டினேன். எதிரில் டீக்கடை வைத்திருக்கும் ஆதிமூலம் அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "இன்னா சகாதேவா, எருமைக்குப் பாஸ்போர்ட்டு எடுக்கப் போறியா? எனக்குப் பால் ஊத்தற மாட்டையும் இட்டாரேன். அதுக்கு மாப்ள பாத்துனு இருக்கோம்" என்றார். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஆனால் பிராணிகள் வந்தன. படங்கள்தான் சரியாக வரவில்லை. ஃபிளாஷ் போட்டால் கண் வெள்ளையாகிவிடும். மேற்கு ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்கலாம், ஆனால் பிராணி ஒரு முழு விநாடி அசையாமல் இருக்க வேண்டும். உயிருள்ள எதுவும் ஒரு விநாடி சும்மா இருப்பதில்லை, ஐயா. காது திரும்பும், மூக்கு துடிக்கும். வயிறு ஏறி இறங்குவதுகூடப் படத்தில் மங்கலாக விழும். "இது எங்க நாய் மாதிரியே இல்லியே" என்று சொல்லிப் படத்தை வாங்காமல் போவார்கள். அவர்கள் சொல்வது சரிதான்.

1975 சித்திரையில் பலராமன் என்கிற பஸ் கண்டக்டர் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு வெள்ளை நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஏற்கெனவே நோய்ப்பட்ட நாய். நான் கேமராவை வைப்பதற்குள் தரையிலேயே செத்துப்போனது. அவர் பெரிய ஆள், மீசைக்காரர். குழந்தை மாதிரி அழுதார். "எப்படியாச்சும் எடுத்துடுங்க சார். ஒரு படமாச்சும் இருக்கட்டும்" என்றார். நாயின் முதுகுக்குப் பின்னால் ஒரு மணல் மூட்டையை முட்டுக் கொடுத்து உட்கார வைத்தேன்.

அப்போதுதான் கவனித்தேன். செத்த பிறகு பிராணி கண்ணை மூடிக்கொள்வதில்லை. எதையும் எழுத வேண்டியதில்லை. லென்ஸை மூன்று விநாடி திறந்து வைத்தேன். ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக விழுந்தது. கண்ணுக்குள் என் ஜன்னல் தெரிந்தது.

அந்தப் படத்தைக் கண்ணாடி அலமாரியில் வைத்தேன். கிரிவலம் வந்தவர்கள்கூட நின்று பார்த்தார்கள். "உசுரோட உக்காந்துனு இருக்குது பாரு" என்றார்கள். அது மாதிரியே வேண்டும் என்று கேட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷத்தில் ஆறு பிராணிகள். ஆறு என்பது அதிகமில்லை. ஓர் ஊருக்கு ஒன்றுக்குமேல் நான் வைத்துக்கொண்டதில்லை. கேட்ட எல்லோருக்கும் அப்படிச் செய்ததுமில்லை. முகம் நன்றாக இருந்தால் மட்டும், சொந்தக்காரரிடம், "நீங்க இருந்தா அது உங்களையே பாத்துனு இருக்கும். சாயங்காலமா வாங்க" என்று அனுப்பிவிடுவேன். மருந்தின் பெயரைத் தனித் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது வலி தெரியாமல் வேலை செய்யும். கொடுப்பதற்கு முன் மயிரைச் சீவிவிடுவேன், ஈரப் பஞ்சால் கண்ணோரம் துடைப்பேன். கடைசிவரை தலையைத் தடவிக்கொண்டிருப்பேன். அவற்றை அப்படி யாரும் தடவியிருக்க மாட்டார்கள். சாயங்காலம் வருகிறவர்களிடம் வலிப்பு வந்தது என்பேன், அல்லது வெயில் தாங்கவில்லை என்பேன். அடி அண்ணாமலையிலிருந்து உண்ணாமலை டீச்சர் தன் பூனைக்காக இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார். படத்தைக் கொடுத்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல வேளை சார், உங்ககிட்ட இட்டாந்தேன். இல்லன்னா இதுகூட இருந்திருக்காது" என்றார். அந்தப் பூனை இன்றைக்கும் அவர் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. வளர்த்துக்கொண்டிருந்தால் இந்நேரம் கிழடாகிச் செத்திருக்கும்.

இனி பாஞ்சாலை விஷயம்.

கோபுர வாசலில் பூ விற்கிறவள், நாற்பது வயசு இருக்கும், தனியாள். அவளோடு எப்போதும் ஒரு கறுப்பு நாய் சுற்றும். வீரன் என்று பெயர். நெற்றியில் விபூதி வைத்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. அந்த முகத்தை இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவளாகவே வந்தாள்.

"ண்ணா, எங்களுக்கும் ஒரு படம் எடேன். இவன் மூஞ்சியப் பாரு, மாப்ள கணக்கா குளிப்பாட்டி இட்டாந்துக்கிறேன்."

"சாயங்காலமா வாம்மா. இங்க உட்டுட்டுப் போ."

"ஐய, நான் போய்ட்டா இவன் ஊரையே ரெண்டாக்கிடுவான். நான் ஓரமா குந்திக்கிறேன், உன்ன இன்னா பண்ணப் போறேன்?"

நான் கதவைச் சாத்தினேன். ஆதிமூலம் அதை உங்களிடம் ஒரு குற்றமாகச் சொல்லியிருக்கிறார். தெருச் சத்தம் கேட்டால் நாய் தலையைத் திருப்பும். அதற்காகத்தான் சாத்தினேன். தயாராக வைத்திருந்த பன்னை அவள் கையில் கொடுத்து, நாய்க்குக் கொடுக்கச் சொன்னேன். பிறகு கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக் கேமராவைச் சரிசெய்தேன்.

துணிக்குள் இருந்த எனக்கு அவள் பேசுவது கேட்டது. "இவன் லேசுல துன்ன மாட்டாண்ணா. நாலு வருசம் மின்ன எவனோ கறில எத்தையோ கலந்து வச்சிட்டான், சாவக் கெடந்து பொழச்சான். அதுலேர்ந்து நான் மின்ன கடிச்சாத்தான் வாய வெப்பான். தொரைக்கு நான் சமையக்காரி." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அந்தக் கேமராவில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். அவள் தலைகீழாகப் பன்னைக் கடித்தாள். தலைகீழாக மென்றாள். மிச்சத்தை நாயிடம் நீட்டினாள். அது முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"இன்னாடா இது, கொழுப்பு ஜாஸ்தியாப் போச்சு உனக்கு. அண்ணன் ஆசையா குடுத்துக்குது" என்று சொல்லி, வீணாகக் கூடாதென்று மிச்சத்தையும் அவளே தின்றாள்.

முதல் வாய்க்கும் இரண்டாவது வாய்க்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருந்தது என்று நேற்று கேட்டீர்கள். யோசித்துப் பார்த்தேன். அரை நிமிஷம் இருக்கும். துணியை விலக்கி, "துன்னாத" என்று சொல்ல அது போதும். சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பாள். மற்ற ஆறும் வெளியே வந்திருக்கும். உண்ணாமலை டீச்சர் அந்தப் பூனைப் படத்தை அப்புறம் எப்படிப் பார்ப்பார்? அவரைப் பற்றியும் யோசித்தேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

கொஞ்ச நேரத்தில், "ண்ணா, கண்ண இருட்டிக்கினு வருது. கொஞ்சம் தண்ணி குடு" என்றாள். அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் சரிந்தாள். பெரியாஸ்பத்திரி அங்கிருந்து ரிக்‌ஷாவில் பத்து நிமிஷம். ரிக்‌ஷா வாசலிலேயே நின்றது. தண்ணீர்ப் பானை எனக்கு வலது கைப் பக்கம் இருந்தது. இதையெல்லாம் ஸ்டுடியோவை அளந்து நீங்கள் வரைந்த படத்தில் சரியாகவே குறித்திருக்கிறீர்கள். மறுப்பதற்கு எதுவுமில்லை.

நான் ஏன் நகரவில்லை என்றால், நாய் நகரவில்லை.

அவள் விழுந்ததும் அது போய் அவள் தலைமாட்டில் உட்கார்ந்தது. குரைக்கவில்லை. அவள் முகத்தை ஒருமுறை முகர்ந்தது. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தது. காது அசையவில்லை, மூக்கு அசையவில்லை. மூச்சு விட்டிருக்கத்தான் வேண்டும், ஆனால் கேமராக் கண்ணாடியில் எனக்கு அது தெரியவில்லை. ஒரு விநாடி திறந்து வைத்தேன். அப்புறம் இரண்டு விநாடி. பிலிமை மாற்றி மூன்றாவது எடுத்தேன். நடுவில் அவள் "வீரா" என்று ஒருமுறை சொன்னாள். அப்போதும் அது கண்ணை என்னிடமிருந்து எடுக்கவில்லை. நான்காவது எடுத்தபோது அவள் பேசவில்லை. மேற்கு வெளிச்சம் இறங்கும்வரை அது அப்படியே இருந்தது. நானும் இருந்தேன். அதற்குப் பிறகு கதவைத் திறந்து ஆதிமூலத்தைக் கூப்பிட்டேன்.

பன்னில் மருந்து கலந்தது நான்தான். அவள் தின்றதைப் பார்த்துக்கொண்டிருந்ததும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

அந்த நான்கு பிலிமும் உங்களிடம்தான் இருக்கின்றன. மூன்றாவதைக் கழுவிப் பாருங்கள். உயிருள்ள நாய், ஐயா. இத்தனை வருஷமும் எனக்கு வழி தெரியாமல் போய்விட்டது. தெரிந்திருந்தால் அந்த ஆறு வாயில்லா ஜீவன்களை நான் தொட்டிருக்கவே மாட்டேன். இனி ஒரு பிராணிக்கும் என்னால் கெடுதல் வராது, அதை உங்களுக்குச் சத்தியமாகச் சொல்கிறேன். அதன்மேல் ஆசை வைத்தவர் யாராவது ஒருத்தர் பக்கத்தில் படுத்திருந்தால் போதும்.