மூச்சுத் துளை

“மச்சான், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கக் கூடாது.”

“கேளுங்க மாப்பிள்ளை. நமக்குள்ள என்ன?”

“அது வந்து...” மாப்பிள்ளை பிடரியைச் சொறிந்தார். சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். “ஒண்ணுமில்ல. உப்புத்தண்ணி மீன் தொட்டி ஒண்ணு வைக்கலாம்னு இருக்கேன். குழாய் வேலை நீங்கதான் பண்ணித் தரணும்.”

ஐயா, இருபத்திரண்டு வருஷமாகக் குழாய் வேலை பார்க்கிறவன் நான். தண்ணீர் எங்கே திரும்புகிறது என்று தெரிந்தவனுக்குப் பேச்சு எங்கே திரும்புகிறது என்று தெரியாதா? அவர் கேட்க வந்தது வேறு.

என் தங்கையை நான் இன்றும் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். அவளுக்கு ஒன்பது வயதாகும்போது அம்மாவும் அப்பாவும் போய்விட்டார்கள். வளர்த்தேன், படிக்க வைத்தேன், கல்யாணம் செய்து கொடுத்தேன். மூன்று தெரு தள்ளி வீடு பார்த்ததும் நான்தான். சாவி இரண்டு இருந்தது. அவசரத்துக்கு ஆகட்டுமே என்று ஒன்றை நான் வைத்துக்கொண்டேன்.

இரண்டு பேரும் வேலைக்குப் போன பிறகு போய்ப் பார்ப்பேன். கேஸ் மூடியிருக்கிறதா, பால் கெட்டிருக்கிறதா, அவள் மாத்திரை எத்தனை மிச்சம் என்று பார்ப்பேன். கிடக்கிற பாத்திரத்தைத் தேய்த்து வைப்பேன். பாப்பா ஒரு நாளும் வேண்டாமென்று சொன்னதில்லை. பிடிக்கவில்லை என்றால் சொல்லியிருப்பாள்.

மாப்பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. எதையும் அளந்துதான் செய்வார். தொட்டிக்கு ஒரு நோட்டுப் புத்தகமே போட்டார். கண்ணாடியின் பின்பக்கம் துளை போட்டு, வழிகிற தண்ணீரைக் கீழே அலமாரிக்குள் இருக்கும் சம்ப் என்கிற சின்னத் தொட்டிக்கு இறக்க வேண்டும். அங்கே வடிகட்டிய தண்ணீரை பம்ப் மறுபடி மேலே ஏற்றும்.

“இது தொட்டி இல்ல மச்சான், மாடி வீடு. மேல மீனு குடியிருக்கும். கீழ அதோட கக்கூஸு.”

“வாடகை யார் தரா?” என்றேன்.

“நாம வாடகை வீட்டுல இருக்கோம், அது சொந்த வீட்டுல இருக்கட்டும்” என்று பாப்பா சிரித்தாள். நான் உள்ளே வந்ததும் நின்றுபோகிற சிரிப்பு அன்று நிற்கவில்லை. அதனால் நன்றாக நினைவிருக்கிறது.

நோட்டில் இரண்டு இடத்தில் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார். ஒன்று, பம்ப்பைச் செருகும் மின்பலகை தண்ணீர் எட்டாதபடி சுவரில் இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும். இரண்டாவது, மூச்சுத் துளை. பம்ப் நின்றால் மேலிருக்கும் தண்ணீர் ஏற்றுக்குழாய் வழியாகவே கீழே திரும்பும். குழாயின் வாய் தொட்டியில் ஆழமாக இறங்கியிருந்தால் பாதித் தொட்டி கீழே வந்து சம்ப் வழிந்துவிடும். நீர்மட்டத்துக்கு ஓர் அங்குலம் கீழே குழாயில் சின்னத் துளை போட்டால், மட்டம் இறங்கியதும் அது காற்றை இழுக்கும். ஓட்டம் அறுந்துவிடும். வைரத்தூள் துளைப்பானைத் தண்ணீர் விட்டு விட்டு ஓட்டி நான்தான் கண்ணாடியைத் துளைத்தேன். ஒரு கீறல் இல்லை. மூச்சுத் துளையும் நான் போட்டதுதான். பம்ப்பை நிறுத்திப் பார்த்தோம். சம்ப் விளிம்புக்கு நாலு விரல் கீழே தண்ணீர் நின்றது. மாப்பிள்ளை கை தட்டினார்.

மின்பலகையை மட்டும் அலமாரியின் அடித்தட்டில் வைத்தேன். வயர் எட்டவில்லை, அடுத்த வாரம் மாற்றித் தருகிறேன் என்றேன். “நீங்க சொன்னா சரி மச்சான்” என்றார்.

அந்த வாரம்தான் பரணில் இரண்டு புதுப் பெட்டிகளைப் பார்த்தேன். திறந்தேன். அவளுடைய உடுப்புகள், அவருடைய உடுப்புகள், மடித்து அடுக்கியிருந்தன. என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. சாயங்காலம் போனபோது, “என்ன பாப்பா, விசேஷம்?” என்று கேட்டேன். “ஒண்ணுமில்லண்ணா” என்றாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று மாப்பிள்ளை கேட்க வந்தது இதுதான் என்று புரிந்தது. அவளைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடப் போகிறார். தெரியாத ஊரில் அவளை யார் பார்த்துக்கொள்வார்கள்? நீங்களே சொல்லுங்கள்.

அடுத்த நாள் காலை அவர்கள் கிளம்பிய பிறகு போனேன். மூச்சுத் துளையில் வெள்ளைப் பசையை வைத்துத் தேய்த்துவிட்டேன். அரை நிமிஷ வேலை. பாத்திரங்களையும் தேய்த்து வைத்துவிட்டு வந்தேன்.

மற்றதை நான் செய்யவில்லை. சனிக்கிழமை இரண்டிலிருந்து நாலு வரை மின்தடை என்று தெருமுனையில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். சனிக்கிழமை மாப்பிள்ளைக்கு மூன்று மணி வரைதான் வேலை. பாப்பாவுக்கு விடுமுறை. “அம்மா பீரோவை ஒழிக்கணும், சாப்பிட வந்துடு” என்று அவளை என் வீட்டுக்குக் கூப்பிட்டேன். வந்தாள். அம்மாவின் புடவைகளை மடித்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றரைக்கு மாப்பிள்ளை வீட்டுக்கு வந்திருக்கிறார். கூடத்தில் தண்ணீர், அலமாரியின் அடித்தட்டில் மின்பலகையும் நனைந்து கிடந்தது. கரண்ட் இல்லை என்ற தைரியத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, துணியும் வாளியுமாக உட்கார்ந்து துடைத்திருக்கிறார். நாலு மணிக்கு என் வீட்டு மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. “அப்பாடா, வந்துடுச்சு” என்றாள் பாப்பா.

துளையில் உப்புப் படிந்து அடைத்திருக்கும், கரண்ட் அடித்து இறந்தது விபத்துதான் என்று எழுதி போலீஸார் வழக்கை மூடினார்கள். பதினாறு நாள் நான் அவளுடனேயே இருந்தேன். சமைத்துப் போட்டேன். அவள் என் முகத்தைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டாள். துக்கம் என்று நினைத்தேன்.

இன்று காலை காப்பி கொண்டுபோனபோது அந்த ஏற்றுக்குழாய் அவள் மடியில் இருந்தது. கட்டைவிரல் நகத்துக்குள் வெள்ளைப் பசை. ஏன் என்று கேட்பாள், எல்லாம் உனக்காகத்தான் என்று சொல்ல நான் தயாராக இருந்தேன். அவள் அழவில்லை, கத்தவில்லை. “கடல் பாக்க நாலு நாள் போறதா இருந்தோம்” என்றாள். “சொன்னா நீயும் கிளம்பிடுவியோன்னு சொல்லல.”

சொல்லியிருக்கலாமே என்று எனக்கு வருத்தம்தான், ஐயா. என்னிடம் சொல்லக் கூடாதது என்ன இருக்கிறது அவளுக்கு?

நான் காப்பியை மேசையில் வைத்தேன். பாப்பா உள்ளங்கையை என் முன்னால் நீட்டினாள்.

“எங்க வீட்டுச் சாவியைக் குடுத்துடுண்ணா. நாலு வருஷமா கேக்கணும்னு இருந்தேன். வாய் வரல. அன்னைக்கு அவர் உன்கிட்ட கேக்க வந்ததும் இதைத்தான்.”