முப்பது சேக்கல்

இல்லப் பத்தர், நகை செய்ய வரல்ல. நிறுக்கத்தான் வந்தனான். தராசு வெளியதான கிடக்கு, கண்டிட்டன், இனி ஒளிக்க ஏலா. தண்ணி வேணாம். பஸ்ஸால இறங்கி நடந்த களைப்புத்தான். நாவற்குடாவில இருந்து ஆரையம்பதி அப்பிடியென்ன தூரம்.

ஓம், அந்த உபதேசியார்தான். ஞாயிற்றுக்கிழமையில வேதக்கோயிலில வாசிக்கிற ஆள்.

ஒரு கணக்குக் கேக்கட்டா? உங்களுக்கு இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு, என்ன? எங்கட வேதத்தில இருபது கேரா ஒரு சேக்கல். கேராவும் என்னவோ ஒரு மரத்துக் கொட்டையாம். இஞ்சயும் இருபது கொட்டை, அங்கயும் இருபது கொட்டை. அப்ப சேக்கலும் கழஞ்சும் ஒண்டுதானே எண்டு இத்தனை வருசமும் நினைச்சிட்டிருந்தன். பிரசங்கத்திலயும் சொன்னன். கோலியாத்து எண்டு ஒரு அரக்கன், அவன்ட கவசம் ஐயாயிரம் சேக்கல். நான் ஐயாயிரம் கழஞ்செண்டு சொல்லி, பாவி அவன அரை ஆளாக்கிப்போட்டன்.

சிரிங்க, சிரிங்க. பாதிரியார் சிரிக்கல்ல. வெள்ளைக்காரர் தானே, பக்குவமாத்தான் சொன்னார். அவையிட கொட்டை வேற, உங்கட கொட்டை வேற, ஒரு சேக்கல் ரெண்டு கழஞ்சுக்கும் மேல வரும் எண்டார். கோலியாத்துக்கு அதால ஒண்டும் இல்ல. பிழை என்ட கழுத்திலதான் வந்து நிக்குது.

இந்தாங்க, இது என்ட மனுசி அன்னப்பூரணிட காலில கிடந்த பாதசரம். ஞானஸ்நானம் எடுத்த பிறகும் இதக் கழட்டமாட்டனெண்டு நிண்டவ. கடைசியில நான்தான் கழட்டினன். மெதுவா வையுங்க, பழைய வெள்ளி. எவ்வளவு? முப்பது கழஞ்சா? பாத்தீங்களா, என்ட பழைய கணக்கெண்டா அச்சொட்டாச் சரி. இப்ப எழுபதுக்குக் கிட்ட வேணும்.

எதுக்கா? உங்கட ஆக்கள் நேத்திக்கடனுக்கு வெள்ளியில ஆளுரு அடிச்சு மாமாங்கக் கோயிலுக்குக் குடுக்கிற இல்லையா? எங்களுக்கு உருக் கூடாது. ஆனா வேதத்தில ஒரு சட்டம் இரிக்கி. ஒரு ஆளக் கடவுளுக்கெண்டு நேந்திட்டு, மறுகா மீக்கோணுமெண்டா வெள்ளி நிறுத்துக் குடுக்கலாம். பொம்பிளைக்கு முப்பது சேக்கல். அறுபது தாண்டின ஆம்பிளைக்குப் பதினஞ்சு. நானெண்டா மலிவு.

நேந்தது என்ட மகள் சலோமிய. நெருப்புக்காய்ச்சலில தாய் செத்த அதே கிழமை மகளும் அந்தக் காய்ச்சலில கிடந்தாள். நான் முழங்காலில நிண்டு சொன்னன், இவள விட்டிரும் ஆண்டவரே, இவள் உமக்கு, கலியாணம் செய்து குடுக்கமாட்டன், ஊழியத்துக்கு விடுவன் எண்டு. பிழைச்சிட்டாள். நான் அத அவளுக்குச் சொல்லவே இல்ல. வந்த சம்பந்தமெல்லாம் ஏதோ சாட்டுச் சொல்லித் திருப்பினன். அவள் நினைச்சாள், அப்பாவுக்குச் சோறாக்க ஆள் வேணும், அதுக்குத்தான் வச்சிருக்கார் எண்டு. ஒருநாள் என்ட முகத்துக்கு நேரயே கேட்டும் போட்டாள். நீ உயிரோட இருக்கிறதே இந்த விலைக்குத்தான் எண்டு எந்தத் தகப்பன் சொல்லுவான்?

பாதிரியாரிட்டக் கேட்டன். அந்தக் கணக்கெல்லாம் சிலுவையோட தீந்திட்டாம். அவருக்குத் தீந்திரும், அவர் நேரல்லையே. வாக்குக் குடுத்தது நான். அது பொய்யாப் போனா அவள்ட வயித்தில வந்து விழுமோ எண்டு எனக்குப் பயமாக் கிடக்கு பத்தர். சரியான பயம்.

இதையும் போடுங்க, அவள் குழந்தையில கட்டின அரைஞாண். இது மிஷன் எனக்குத் தந்த பதக்கம். ஓம், வெள்ளிதான், நம்பி உரசுங்க. இன்னும் குறையுதா? சரி, ஏழையெண்டா ஏலுமானதக் குடுக்கலாம் எண்டும் எழுதியிரிக்கி. எல்லாத்தையும் ஒரே கட்டியா உருக்கித் தாங்க. காணிக்கைப் பையில போடக்குள்ள ஆர்ட எண்டு தெரியப்படாது.

அவசரமில்லப் பத்தர். வீட்டில ஆர் எனக்காகக் காத்திட்டிரிக்கி? கூப்பன் அரிசி இன்னும் ரெண்டு பேருக்கு வருகுது. அவள் அளந்த அளவிலயே நானும் ரெண்டு பேருக்கு ஆக்கிப்போடுறன், மறுநாளும் அதே சோறு. கதைக்கப் பல்லி ஒண்டு இரிக்கி. அது ஓமெண்டு மட்டும் சொல்லும்.

என்னது, மகளையும் கூட்டிட்டு வந்திருக்கலாமா?

போன மாசம் கிரானில இருந்து ஒரு வேளாமைக்காரப் பொடியன் வந்து உங்களிட்டத் தாலி செய்விச்சவன். வல்லிபுரமெண்டு பேர். ஊரில செய்தாத் தெரிஞ்சிருமெண்டு இவ்வளவு தூரம் வந்தவன். பொம்பிள ஆரெண்டு உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டான். போன வெள்ளிக்கிழமை சலோமி அவனோட போயிட்டாள் பத்தர்.

இல்ல, உங்களோட கோவமில்ல. அவளத் திருப்பிக் கூட்டிவரவும் இல்ல இந்த வெள்ளிக்கட்டி. நான் செய்த நேத்தி அவளுக்குப் பின்னால போகாம இருக்கத்தான்.

அது கிடக்கட்டும். அந்தத் தாலிப் பொன் எத்தனை மஞ்சாடி? நான் இன்னும் காணல்ல.