இன்னும் இருபது நிமிஷம்

இல்ல சார், இதுல வெக்கப்பட என்ன இருக்கு? இந்த ஸ்கேன் குழாய்க்குள்ள போய் பெல்லை அழுத்தாதவங்கதான் கம்மி. போன வாரம் ஒரு போலீஸ்காரர், ஆறடி ஆளு, அம்மான்னு கத்திட்டார். தண்ணி குடிங்க. ரெண்டே வாய். நெறைய குடிச்சா பாதியில பாத்ரூம் வரும்.

வீட்டுக்குப் போறேங்கறீங்க. போங்க, யாரு கட்டிப் போட்டா? அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டுப் போங்க.

நான் டாக்டர் இல்ல, இங்க துணி மாத்தி விடற ஆயாதான். ஆனா ஆறு வருஷமா பாக்கறேன். நீங்க உள்ள போனப்புறம் கண்ணை மூடினீங்க, அதான் தப்பு. மூக்குக்கு நேரா அந்தக் கூரையைப் பாத்துட்டா, அப்புறம் மூடினாலும் அதுதான் தெரியும். படுக்கும்போதே மூடிடணும். நான் துண்டை மடிச்சு மேல போட்டு விடறேன். முட்டிக்கடியில தலகாணி வச்சாங்களா? வைக்கலையா? அப்புறம் இடுப்பு வலிக்காம என்ன பண்ணும்?

சத்தமா? அது கேக்கத்தான் செய்யும், பஞ்சு வச்சாலும். அதுகூட மல்லுக்கட்டாதீங்க. சத்தம் நின்னா ஒரு படம் முடிஞ்சுதுன்னு நெனைச்சுக்கங்க. உங்களுக்கு பாதி முடிஞ்சாச்சு. இன்னும் இருபது நிமிஷம், அவ்ளோதான்.

எங்க வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக் சார். நாள் பூரா இருட்டுக் குழிக்குள்ள கம்பியைப் பிடிச்சுத் தொங்கற வேலை. பயம்னா என்னன்னே தெரியாது. முதுகு வலி, ஒரு கால் மரத்துப் போகுதுன்னு இதே ரூம்லதான் படுத்தார். பன்னெண்டாவது நிமிஷம் பெல் அடிச்சுட்டார். அப்போ தலகாணி, துண்டுன்னு சொல்ல இங்க ஆளில்ல.

அப்புறம் என்ன? மாத்திரை போட்டுக்கிட்டு வேலைக்குப் போனார். நாலே மாசம், ரெண்டு காலும் விழுந்துடுச்சு. முதுகுத்தண்டுல கட்டி. அன்னிக்கே தெரிஞ்சிருந்தா எடுத்திருக்கலாம்னாங்க. ரெண்டு வருஷம் கட்டில்ல கெடந்தார். ரெண்டு மணிக்கொரு தடவை நான்தான் புரட்டி விடுவேன். அவர் போனப்புறம் இங்க வந்து வேலை கேட்டேன்.

வர்றீங்களா? நல்லது சார். செருப்பை ஓரமா விடுங்க. மெதுவா ஏறுங்க. கண்ணை மூடிக்கங்க, துண்டு போடறேன். தலகாணி சரியா இருக்கா? போர்வையை இழுத்து விடறேன். நான் கால்மாட்டுலயே நிக்கறேன், கட்டைவிரலைப் பிடிச்சுக்கறேன். இங்க ஒருத்தி இருக்கான்னு தெரியும்ல.

என்ன கேட்டீங்க? அவ்ளோ தைரியமான ஆளு ஏன் பாதியில விட்டுட்டுப் போயிட்டாருன்னா?

அவரு எங்க சார் விட்டுட்டுப் போனார்? வெளிய வந்து உக்காந்து மூச்சு வாங்கிட்டு, இன்னொரு தடவை படுக்கறேன்னுதான் சொன்னார். மணி மூணே முக்கால். பொண்ணுக்கு ஸ்கூல் விடற நேரம். நான்தான், போதும் வாங்க, புள்ள வெயில்ல நிப்பா, இன்னொரு நாள் பாத்துக்கலாம்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனேன்.

அவர் படுக்கையில கெடந்தப்போ அவரோட அம்மா கட்டில்கிட்ட உக்காந்து, ஏண்டா அன்னிக்குப் பாதியில வந்தேன்னு அழுதாங்க. பயந்துட்டேம்மா, நானேதான் வந்துட்டேன்னார். நான் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன். வாயைத் தொறக்கல.

காதைக் காட்டுங்க சார், பஞ்சு வைக்கறேன்.